ஜெபக் குறிப்பில் ஒரு சொல்

"ஆன்டி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

எப்சிபா அப்படிக் கேட்டு மூன்று மாதம் ஆகிவிட்டது. சபை மாடிப்படியின் அடியில், டயர்க் கடை வாசலில் நின்றுகொண்டு கேட்டாள். பன்னிரண்டு இன்னும் நிரம்பாத பிள்ளை. மார்போடு கீபோர்டு நோட்டை அணைத்துப் பிடித்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. ஜெயசீலியை மிரட்டியது அதுதான். அழுதிருந்தால் கட்டிப்பிடித்து எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

"எனக்கெப்படிம்மா தெரியும்?" என்றாள் ஜெயசீலி.

அது பொய். அவளுக்குத் தெரியும். எழுதியதே அவள்தான்.

கிள்ளானில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருக்கிறது அந்தத் தமிழ்க் கிறிஸ்தவச் சபை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெண்களின் உபவாச ஜெபம். இருபது பேர் வருவார்கள். அவரவர் பாரத்தை வியாழக்கிழமைக்குள் ஜெயசீலியிடம் சொல்லிவிட வேண்டும். வக்கீல் ஆபீசில் கிளார்க்காக இருந்தவள், முத்து முத்தான கையெழுத்து. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, சனிக்கிழமை காலை சீதாலெட்சுமி அக்காவிடம் கொடுப்பாள். அக்காதான் கூட்டத்தை நடத்துகிறவர். ஒவ்வொரு குறிப்பாகப் படிப்பார், எல்லாரும் முழங்காலில் நின்று ஜெபிப்பார்கள். முடிந்ததும் அக்கா அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்து, பின்கட்டு சிங்க்கில் தண்ணீர் விட்டுக் கரைத்துவிடுவார். ஊராரின் கண்ணீர் குப்பைத்தொட்டியில் கிடக்கக் கூடாது என்பார். பதினாறு வருடமாக நடக்கும் நல்ல வழக்கம். அந்த நல்ல வழக்கம்தான் ஜெயசீலி ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது.

எப்சிபாவின் அம்மா மலர்விழி கிள்ளானில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். கணவன் குகன் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் டெங்கில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவர்கள் ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார்கள். பிறந்து இருபது நாள். பெற்றவள் பிள்ளையை ஒரு வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டாள், திரும்பவே இல்லை. குழந்தையின் பெயரில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. சபையில் இது சீதாலெட்சுமி அக்கா ஒருவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. குழந்தைக்கு எப்சிபா என்று பெயர் எடுத்துக் கொடுத்ததே அவர்தான்.

பன்னிரண்டு வயதில் ஐ.சி. என்கிற அடையாள அட்டை எடுக்க வேண்டும். அதற்கான மலாய் மொழி விண்ணப்பப் பாரங்களை நிரப்பத் தெரியாமல் மலர்விழி ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஜெயசீலியின் வீட்டுக்கு வந்தாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளைக்கு இன்னும் தெரியாது. பன்னிரண்டாவது பிறந்தநாள் அன்று, கேக் வெட்டி முடித்து, வீட்டில் மூன்று பேர் மட்டும் இருக்கும்போது தானே சொல்லப்போவதாகச் சொன்னாள். எப்படித் தொடங்குவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். தூக்கி வந்த அன்று சுற்றியிருந்த துண்டை எடுத்துக் காட்டித் தொடங்குவாளாம். எழுந்து போகும்போது, எப்சியின் ஐ.சி. விஷயம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று மட்டும் ஜெபக் குறிப்பில் போடச் சொன்னாள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வேத வசனம் ஒப்பிக்கும் போட்டி. எப்சிபா முதல். ஜெயசீலியின் மகள் தர்ஷினி இரண்டாவது, இரண்டே வசனம் குறைவு. மலர்விழி சிரித்துக்கொண்டே, "அடுத்த வருஷம் தர்ஷினி பிடிச்சிடுவா லா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஜெயசீலிக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றது.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தாளை எழுதினாள். "சகோதரி மலர்விழியின்" என்று எழுதியதும் பேனா நின்றது. அடுத்து எந்தச் சொல் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எந்தச் சொல் வரக் கூடாது என்றும் தெரியும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்து "வளர்ப்பு மகளின் அடையாள அட்டைக்காக" என்று எழுதினாள். எழுதும்போது உள்ளுக்குள் ஒரு சின்ன இனிப்பு ஊறியது.

அந்தச் சனிக்கிழமை கீபோர்டு வாசிக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல். பள்ளி விடுமுறை என்பதால் எப்சிபா வாசிக்க வந்திருந்தாள். ஜெயசீலி இதை எதிர்பார்க்கவில்லை. அக்காவின் கையிலிருந்து தாளைப் பிடுங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிடுங்கவில்லை. கண்ணில் புரை விழுந்த அக்கா, தாளை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாகப் படித்தார். கீபோர்டு பாதியில் நின்றது.

ஜெபம் முடிந்து தாள் கரைந்த பிறகுதான் மலர்விழி கேட்டாள், ஐ.சி.க்காக ஜெபிக்கத்தானே சொன்னேன், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று. எல்லாரும் ஜெயசீலியைப் பார்த்தார்கள். அவள், "நான் மகள்னுதான் எழுதுனேன்" என்றாள். அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லார் பார்வையும் தானாக அக்கா பக்கம் திரும்பியது. விஷயம் தெரிந்தவர் அவர், வயது அறுபத்தெட்டு, கண்ணும் சரியில்லை. மனதில் இருந்தது வாயில் வந்திருக்கும் என்று முடிவு கட்டினார்கள். அக்காவும் அதையே நம்பினார். மலர்விழியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாரம் பொறுப்பை விட்டுவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார்.

மலர்விழி மட்டும் ஜெயசீலியிடம் வந்துகொண்டேயிருந்தாள். வேறு யாரிடம் போவாள்? பிள்ளை இப்போதெல்லாம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறாளாம். முன்னெல்லாம் "சாப்ட்டியாம்மா" என்பவள். பிறந்தநாள் வந்தது, கேக் வேண்டாம் என்றுவிட்டாளாம். அந்தத் துண்டை இன்னும் அலமாரியிலிருந்து எடுக்கவில்லை என்று மலர்விழி சொன்னாள். சொல்லிவிட்டு ஜெயசீலியின் தோளிலேயே சாய்ந்து அழுதாள். அந்தத் தோள் மரக்கட்டைபோல் இருந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு கர்த்தருடைய பந்தி. ஜெயசீலி இரண்டு மாதம் கை நடுங்காமல் அப்பத்தை வாங்கிச் சாப்பிட்டாள். மூன்றாம் மாதம் பாஸ்டர் யுகேந்திரன் பாவத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். நாம் பாவத்துக்குப் புதுப் பெயர் வைத்து வீட்டில் வளர்க்கிறோம், பலவீனம் என்கிறோம், டென்ஷன் என்கிறோம், மிஸ்டேக் என்கிறோம் என்றார். மனிதனைக் குத்திய எல்லாப் பாவமும் முதலில் தேவனைக் குத்தியது என்றார். அப்பத் தட்டு வந்தபோது ஜெயசீலி அதைத் தொடாமல் பக்கத்தில் இருந்தவளுக்குத் தள்ளிவிட்டாள். ஒரே ஒரு விஷயம் அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஜெபத்துக்கு அந்தச் சொல் தேவையே இல்லை. எப்சிபா யார் வயிற்றில் பிறந்தவள் என்று ஆண்டவருக்குத் தெரியும். அப்படியானால் அந்தச் சொல்லை அவள் எழுதியது ஆண்டவருக்கு அல்ல. ஆண்டவர் பேரை மேலே எழுதி, ஊருக்கு அனுப்பிய கடிதம் அது.

வீட்டில் கணவன் பாலனிடம் சொன்னாள். பாலன் ஏர்கான் ரிப்பேர் செய்கிறவன், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டான். ஒரு வார்த்தைதானே எழுதினாய், யாரையும் வெட்டிப் போடவில்லையே என்றான். இதைக் கிளறினால் தர்ஷினிதான் சபையில் தலை நிமிர முடியாது என்றும் சொன்னான். அதை யோசித்துத்தான் அவள் அன்று முழுக்கச் சமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் எழுந்து பாஸ்டரைப் பார்க்கப் போனாள்.

யுகேந்திரன் நல்ல மனிதர். மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்னதுவரை முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு வெகுநேரம் நெற்றியைத் தேய்த்தார்.

"சிஸ்டர், அது ஒரு மிஸ்டேக் லா. ஆண்டவர்கிட்ட சொல்லிட்டீங்கல்ல? அவர் மன்னிச்சிட்டார்."

"ஞாயித்துக்கிழமை நீங்கதானே பாஸ்டர் சொன்னீங்க, மிஸ்டேக்னு சொல்லாதீங்கன்னு."

பாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. பிரசங்கத்தை இவ்வளவு கவனமாக யாரும் கேட்பதில்லை என்றார். பிறகு தன் பயத்தைச் சொன்னார். மலர்விழி குடும்பம் இப்போதுதான் மறுபடியும் ஞாயிறு ஆராதனைக்கு வரத் தொடங்கியிருக்கிறது. இதைத் திறந்தால் போய்விடுவார்கள். எல்லார் முன்னாலும் பேசினால் அந்தப் பிள்ளை இன்னொரு தடவை காயப்படும். வேண்டுமானால் தன்னிடம் சொன்னதோடு விட்டுவிடலாம், தான் ஜெபித்துக்கொள்வதாகச் சொன்னார்.

பிள்ளையைப் பற்றி அவர் சொன்னது சரி என்று ஜெயசீலிக்குப் பட்டது. பிள்ளை இல்லாத நேரத்தில் சொல்கிறேன், பிள்ளையின் கதையைத் தொடமாட்டேன், நான் செய்ததை மட்டும் சொல்கிறேன் என்றாள். மற்றதற்கு அவள் இறங்கி வரவில்லை.

"ஆண்டவர் மன்னிச்சிட்டார்னு நானும் நம்புறேன் பாஸ்டர். ஆனா என்னோட அந்த ஒரு சொல்லுக்கும் சேர்த்துத்தான் அவர் செத்தார். அப்புறம் எப்படி அது சின்ன விஷயம்?"

பாஸ்டர் வாசல் வரை வந்தார். முதலில் சீதாலெட்சுமி அக்காவைப் போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினாள். கே.எல். சென்ட்ரலில் இறங்கி, வெயிலில் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடந்தாள். பூக்கடைகளைத் தாண்டி, வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு நடந்த பார்வையற்ற இரண்டு பேருக்கு வழி விட்டு, அக்காவின் மகள் இருக்கும் பழைய ஃபிளாட்டைக் கண்டுபிடித்தாள். நான்காம் மாடி. எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். அக்கா மன்னித்துவிடுவார், அழுவோம், டீ குடிப்போம், அக்காவே மலர்விழியிடம் இதமாகச் சொல்லிவிடுவார் என்ற நப்பாசைகூட ஒரு மூலையில் இருந்தது.

கிரில் கதவில் வெளியே பெரிய பூட்டு தொங்கியது. உள்ளே கதவு திறந்திருந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஜெயாவா? வா வா. ஐயோ, சாவி எங்கிட்ட இல்லியே. மக பூட்டிட்டு வேலைக்குப் போயிருக்கா. ஒன்றரைக்குச் சாப்பாடு எடுத்துட்டு வருவா."

ஏன் பூட்டிவிட்டுப் போகிறாள் என்று ஜெயசீலி கேட்டாள். அக்கா நாற்காலியைக் கிரில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, வேறு யார் கதையையோ சொல்வதுபோல் சொன்னார். தாளில் இல்லாததை வாய் தானாகப் படித்தது என்றால் மூளையில் ஏதோ கோளாறு என்று அவரே மகளிடம் சொன்னாராம். மகள் பயந்துபோய்க் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாளாம். இன்று என்ன கிழமை என்று கேட்டார்களாம். கடிகாரம் வரையச் சொன்னார்களாம்.

"நல்லாத்தான் வரைஞ்சேன். முள்ளு ரெண்டும் கரெக்டா போட்டேன். இருந்தாலும் வயசாச்சுல்ல, பாத்துக்குங்கன்னுட்டாங்க." அக்கா சிரித்தார். "கேஸ் அடுப்பைக் கழட்டிட்டா. டீ போடக்கூட முடியாது உனக்கு."

ஜெயசீலி கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பூட்டு அவள் கணக்கில் இல்லை. அவள் தன் பாவத்தை அளந்து வைத்திருந்தாள், மலர்விழி வீட்டு அலமாரி வரைக்கும் அதன் நீளம் என்று. அது கொமுட்டர் ஏறி, நான்கு மாடி ஏறி, ஒரு மனுஷியின் புத்தியையே அவளிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தது. அடுக்கி வைத்த சொற்கள் எல்லாம் போய்விட்டன.

"அக்கா, உங்க மூளைக்கு ஒண்ணுமில்ல. அந்தச் சொல் தாள்ல இருந்துச்சு. நான்தான் எழுதுனேன். எழுதலேன்னு பொய் சொன்னேன்."

கீழே தெருவில் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"தாள்ல இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"நான் இருந்ததைத்தான் படிச்சேனா?"

"ஆமாக்கா."

அக்கா நெற்றியைக் கிரில்லில் சாய்த்தார். தோள் குலுங்கியது. பிறகு நிமிர்ந்து, "மூணு மாசம்டி" என்றார். "காலையில எந்திரிச்சு எம்பேரை நானே எனக்குச் சொல்லிப் பாத்துக்குவேன். மறந்துட்டேனான்னு. ஏன்டி அப்படி எழுதுன?"

காரணத்தை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள் ஜெயசீலி. வசனப் போட்டி. இரண்டு வசனம். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவள் காதுக்கே கேட்டது. கொஞ்சம் பெரிய காரணமாக இருந்திருந்தால் சொல்வதற்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் இருந்தது இதுதான்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் மகளிடம் மட்டும் சொன்னால் போதும் என்றார். மலர்விழியிடம் போக வேண்டாம். பழியைத் தான் ஏற்கெனவே சுமந்தாகிவிட்டது, அது தன்னோடு போகட்டும். "உம் பிள்ளையும் அந்தச் சபையிலதானே வளரணும், ஜெயா."

ஜெயசீலி தப்பிக்க ஒரு வழி திறந்து கிடந்தது, நுழைந்து போய்விடலாம். அதைக் கொடுப்பவரும் அதற்கு உரிமை உள்ளவர்தான்.

"வேணாம்கா. என் பாவத்தை நீங்க தூக்க முடியாது. சனிக்கிழமை நீங்க வரணும். நீங்க உக்காந்திருக்கும்போதே சொல்லணும்."

ஒன்றரைக்கு மகள் சாப்பாட்டுப் பையோடு வந்தாள். ஜெயசீலி அவளிடமும் ஒரு எழுத்து குறைக்காமல் சொன்னாள். அந்தப் பெண் பையைக் கீழே வைத்துவிட்டுப் பூட்டைத் திறந்தாள். சாவி இரண்டு தடவை தவறியது. உள்ளே போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஜெயசீலியை உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. படி இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை மலர்விழிக்குப் போன் செய்து, நாளைக்கு உபவாச ஜெபத்துக்கு வரச் சொன்னாள். எப்சியைக் கூட்டி வர வேண்டாம் என்றாள். ஏதாவது நல்ல செய்தியா, ஐ.சி.க்குக் கடிதம் வந்துவிட்டதா என்று மலர்விழி ஆசையாகக் கேட்டாள். இல்லை, நான் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்லி ஜெயசீலி போனை வைத்தாள்.

சனிக்கிழமை பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். மலர்விழி கடைசி வரிசையில், சுவரோரமாக. பாஸ்டர் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். ஜெயசீலி எழுந்து முன்னால் போனாள்.

"மூணு மாசத்துக்கு முன்னால இங்க ஒரு ஜெபக் குறிப்பு படிச்சாங்க. அதுல இருந்த சொல் லெட்சுமி அக்கா வாயிலேருந்து வரல. நான் எழுதுனது. தெரிஞ்சே எழுதுனேன்."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. யாருக்காவது சங்கடம் வந்தால் பாட்டெடுத்து மூடிவிடுவது அந்தக் கூட்டத்தின் பழக்கம். இரண்டாம் வரிசையில் இருந்த இராஜம்மா ஆன்டி, இளகிய மனசுக்காரி, "பரவால்லம்மா, நாம எல்லாரும் மனுஷங்கதானே" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடி, கை தட்டி ஒரு துதிப் பாட்டைத் தொடங்கினார். நாலைந்து பேர் உடனே சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கப் பாடியது. அக்கா மட்டும் பாடவில்லை. சுவரோரம் மலர்விழியும் பாடவில்லை.

ஜெயசீலி உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முதல் சரணம் முடிந்தது, இரண்டாம் சரணம் முடிந்தது, பல்லவியை மூன்று தடவை பாடினார்கள். அவள் அப்படியே நின்றாள். பாட்டு ஓய்ந்து, அல்லேலூயாவும் ஓய்ந்து, இராஜம்மா ஆன்டி கண்ணைத் திறந்து பார்த்தபோது அவள் அதே இடத்தில் இருந்தாள்.

"நான் இன்னும் முடிக்கல ஆன்டி" என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் பாடவில்லை. தர்ஷினி தோற்றதைத் தாங்க முடியாமல் எழுதினேன் என்றாள். அது தவிர வேறு காரணம் இல்லை என்றாள். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது, நிறுத்தி, மறுபடியும் சொன்னாள். பிறகு எழுதவில்லை என்று பொய் சொன்னதையும், அக்கா மன்னிப்புக் கேட்டபோது பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்ததையும், அதற்கப்புறம் இரண்டு மாதம் பந்தியில் கை நீட்டியதையும் சொன்னாள். இனிமேல் ஜெபக் குறிப்பு எழுதும் வேலை தனக்கு வேண்டாம் என்றாள்.

கடைசியில் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"மலர், நீங்க உங்க வாயால சொல்ல வேண்டியதை நான் திருடிட்டேன். திருப்பித் தர முடியாததைத் திருடிட்டேன். மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்கன்னு இப்ப நான் கேக்க மாட்டேன். இத்தனை பேர் முன்னால கேட்டா நீங்க சொல்லியாகணும். அது இன்னொரு பாவம். யார் செஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியணும். வீட்டுல பிள்ளை கேட்டா எம்பேரைச் சொல்லுங்க."

அக்கா திரும்பி மலர்விழியைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். இராஜம்மா ஆன்டியின் வாய் மறுபடியும் எதற்கோ திறந்தது, பக்கத்தில் இருந்தவள் தொடையைத் தட்டி அடக்கினாள்.

மலர்விழி எழுந்தாள். மடியிலிருந்த கைப்பையைத் தோளில் மாட்டினாள். வரிசைகளுக்கு நடுவே முன்னால் நடந்து வந்து, ஜெயசீலியைக் கடந்து, அக்காவின் முன்னால் நின்றாள். குனிந்து அக்காவின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அக்கா அவள் தலையைத் தொட்டார்.

நிமிர்ந்தபோது ஜெயசீலியும் அவளும் ஒரு எட்டுத் தூரத்தில் எதிரெதிரே இருந்தார்கள். ஜெயசீலி பார்வையைத் தாழ்த்தவில்லை. எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். மலர்விழி அவள் முகத்தை, புதிதாக ஒருவரைப் பார்ப்பதுபோல், ரொம்ப நேரம் பார்த்தாள்.

பிறகு கதவுக்குப் போனாள். பாஸ்டர் ஒதுங்கி வழி விட்டார். வெளியே குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி எடுத்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாட்டினாள். படி இறங்கிப் போனாள்.